கிளே டேவிஸின் கணக்கு வழக்கு

கேள்வி இது: "குற்றத் தொடர்களில் ஊழல் செய்த அரசியல்வாதியோ அதிகாரியோ வில்லனாக வந்தால் பெரும்பாலும் நம்பும்படி இருப்பதில்லை. 'தி வயர்' தொடரில் வரும் செனட்டர் கிளே டேவிஸை மட்டும் ஏன் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்? அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா?"

கிளே டேவிஸ் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவர் செய்வதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கதை நடக்கும் அதே பால்டிமோர் நகரத்தில் (அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் இருப்பது), அந்தத் தொடருக்கு முன்னும் பின்னும், பதவியில் இருந்தவர்கள்மீது குற்றச்சாட்டாக எழுதி நீதிமன்றத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன். முப்பது ஆண்டுகள் தணிக்கை வேலையில் இருந்தவன் நான். வவுச்சர்களையும் மஸ்டர் ரோல் என்னும் கூலிப் பதிவேடுகளையும் புரட்டியே கண்ணாடியின் பவரைக் கூட்டிக்கொண்டவன். இந்தத் தொடரை நான் ரசிப்பது அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

வழக்கமான தொடர்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதவியில் இருக்கும் வில்லன் இருட்டு அறையில் உட்கார்ந்திருப்பார். தொலைபேசியில் தாழ்ந்த குரலில் "அவனை முடித்துவிடு" என்பார். கடைசிக் காட்சியில் பத்திரிகையாளர் கூட்டத்தின் நடுவே கையில் விலங்கு மாட்டுவார்கள். இதில் இடிப்பது ஒன்றுதான். அந்த ஆளுக்குப் பதவி எதற்கு? ஒரு தாதாவுக்கே போதுமான வேலையை அவர் செய்துகொண்டிருக்கிறார். பதவியில் இருப்பவனால் மட்டுமே செய்ய முடிந்த குற்றம் எதுவோ, அதைக் காட்டினால்தான் அவன் பதவி கதைக்குள் வருகிறது. அது பெரும்பாலும் ஒரு கையெழுத்தாகவோ, எடுக்கப்படாத ஒரு நடவடிக்கையாகவோ, நின்றுபோன ஒரு கோப்பாகவோ இருக்கும். படம்பிடிக்கக் கடினமான சங்கதி. அதனால்தான் பலரும் துப்பாக்கிக்குப் போய்விடுகிறார்கள்.

'தி வயர்' எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 ஜூனில் தொடங்கி 2008 மார்ச் வரை ஐந்து பருவங்கள், 60 பகுதிகள் ஓடியது. உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நாளிதழில் பல ஆண்டுகள் போலீஸ் செய்திகளை எழுதியவர். கூட இருந்த எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் கொலை விசாரணைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியராகப் போனவர். இருவரும் அந்த நகரத்தின் உள்வீட்டு மனிதர்கள். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கிளே டேவிஸின் நிழல் முதல் பருவத்தின் எட்டாவது பகுதியில் விழுகிறது. போதைப்பொருள் விற்கும் கும்பலின் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு கார் கிளம்புகிறது. போலீஸ் பின்தொடர்ந்து மறிக்கிறது. காருக்குள் 20,000 டாலர் ரொக்கம். ஓட்டுநர் யார் என்று பார்த்தால் மாநில செனட்டர், அதாவது மாநில மேலவை உறுப்பினர், ஒருவருடைய உதவியாளர். கொஞ்ச நேரத்திலேயே மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. பறிமுதல் செய்த பணம் பறிமுதல் செய்யப்படாத பணமாக ஆகிவிடுகிறது. செனட்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கை எவ்வளவு தூரம் நீளும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வில்லன் அறிமுகம் என்றால் இதுதான் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பகுதியில் வரும் ஒரு காட்சிக்காகவே இந்தத் தொடரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். லெஸ்டர் ஃப்ரீமன் என்ற துப்பறிவாளர், பதின்மூன்று ஆண்டுகள் அடகுக் கடைப் பிரிவில் தூக்கிப்போடப்பட்டிருந்தவர், இளைய அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கிறார். நிறுவனங்கள் பதிவான ஆவணங்களைப் போய் எடுங்கள், நிலப் பத்திரங்களைப் பாருங்கள், தேர்தல் நன்கொடைப் பட்டியலோடு பெயர்களை ஒப்பிடுங்கள் என்கிறார். போதைப்பொருளின் பின்னால் போனால் அதை விற்பவனும் அதற்கு அடிமையானவனும் கிடைப்பார்கள். பணத்தின் பின்னால் போனால் எந்த வாசலில் போய் நிற்போம் என்று யாருக்கும் தெரியாது என்பதே அவர் சொல்வதன் சாரம். என் வேலைக் காலத்தில் ஒரு அலுவலகத்தின் மஸ்டர் ரோலைப் பார்த்தது அப்போது நினைவுக்கு வந்தது. நாற்பது கூலியாட்களின் கையெழுத்து. நாற்பதும் வேறு வேறு எழுத்து. ஆனால் பதினேழாவது பெயருக்கு நடுவில் மை தீர்ந்து மங்கியிருந்தது, அதே பெயரின் பின்பாதியிலிருந்து புது மை அழுத்தமாக ஓடியது. நாற்பது பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த மங்கிய மைதான் சாட்சி. குற்றம் இப்படித்தான் கண்ணில் படும். அதைத் திரையில் காட்டலாம், காட்டினால் பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்பதை நிரூபித்தவர்கள் சைமனும் பர்ன்ஸும்.

மூன்றாம் பருவத்தில்தான் டேவிஸ் முழு உருவம் எடுக்கிறார். போதைப்பொருள் கும்பலின் இரண்டாவது தலைவன் ஸ்ட்ரிங்கர் பெல் மாலை நேரக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான். கறுப்புப் பணத்தைக் கட்டடத் தொழிலில் போட்டுக் கனவானாக ஆசைப்படுகிறான். அனுமதிக் கடிதங்களுக்கும் அரசு மானியத்துக்கும் டேவிஸிடம் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறான். அனுமதி வருவதுபோல் இருக்கிறது. மானியம் மட்டும் வரவே இல்லை. கடைசியில் கும்பலின் வழக்கறிஞர் லெவியிடம் போய்ச் சொல்லும்போது, அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக விளக்குகிறார்: மழையை வரவழைக்கிறேன் என்று சொல்லி ஒருவன் காசு வாங்குவான்; மழை பெய்தால் தன்னால் என்பான்; பெய்யாவிட்டால் இன்னும் கொஞ்சம் காசு வேண்டும் என்பான். மாநில செனட்டர் எங்கேயும் பெட்டியைத் திறந்து யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. வாங்கிய பணம் அத்தனையும் அவர் பையிலேயே இருக்கிறது.

ஸ்ட்ரிங்கர் அவமானத்தில் வெந்துபோய், டேவிஸைக் கொல்லச் சொல்லித் தன் அடியாளிடம் உத்தரவிடுகிறான். கொலைக்கு அஞ்சாத அந்த அடியாள் மறுக்கிறான். தெருவில் ஒருவனைச் சுடுவது வேறு, மாநில செனட்டரைச் சுடுவது வேறு என்பது அவனுக்குத் தெரிகிறது. இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். நகரத்தையே நடுங்கவைத்த ஒரு கும்பலைக் கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதர் மொட்டையடித்துவிட்டுப் போகிறார், அவர்களால் அவரைத் தொட முடியவில்லை. அவருக்குக் காவலாக ஒரு ஆள்கூட நிற்கவில்லை. பதவியே காவல். செனட்டர் என்ற சொல்லுக்கு என்ன எடை என்று அதுவரை எந்தக் குற்றத் தொடரும் இவ்வளவு துல்லியமாகத் தராசில் வைத்துக் காட்டியதில்லை என்பது என் கருத்து.

இதில் நடிகரின் பங்கும் பெரியது. ஐசையா விட்லாக் ஜூனியர் டேவிஸை ஒரு வில்லனாக நினைத்து நடிக்கவே இல்லை. தோளில் கைபோடுவார், சிரிப்பார், ஒரே ஒரு வசைச் சொல்லை அரை நிமிடம் இழுத்து இழுத்துச் சொல்வார். அந்த இழுவை அவருடைய சொந்த மாமாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பார்ப்பவன் உதட்டில் புன்னகை வந்துவிடுகிறது. வந்தவுடனேயே நாமும் அவருடைய வாக்காளர்களில் ஒருவராகிவிடுகிறோம்.

ஐந்தாம் பருவத்தில் வழக்கு வருகிறது. நகரத்தின் அரசு வழக்கறிஞர் ரூபர்ட் பாண்ட். அமெரிக்காவில் அந்தப் பதவிக்குத் தேர்தல் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீமன் அவரிடம் ஒரு துருப்புச் சீட்டைக் கொண்டுபோகிறார்: டேவிஸ் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருக்கிறார். முன்பணத்துக்காக மாமியாரிடம் வாங்கிய பணத்தைத் தன் பணமாகக் காட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறார். வங்கியிடம் அப்படிப் பொய் சொல்வது மத்தியச் சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 30 ஆண்டுச் சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். நெற்றிப்பொட்டில் குறிவைத்ததுபோன்ற குற்றச்சாட்டு. ஆனால் அதைத் தொட்டால் வழக்கு மத்திய அரசின் கைக்குப் போய்விடும். தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் பாண்ட் நிற்க முடியாது. எனவே அந்தச் சீட்டை அவர் கீழே வைத்துவிடுகிறார். அறக்கட்டளைப் பணத்தைச் சுருட்டினார் என்ற பெரிய, நாளிதழ் தலைப்புக்கு ஏற்ற குற்றச்சாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மாநில நீதிமன்றத்துக்குப் போகிறார்.

ஏழாவது பகுதியில் அந்த விசாரணை. டேவிஸ் கையில் ஒரு பழைய கிரேக்க நாடகப் புத்தகத்தை ஏந்திக்கொண்டு நீதிமன்றப் படியேறுகிறார். மக்களுக்கு நெருப்பைக் கொடுத்ததற்காகக் கடவுளால் பாறையில் கட்டப்பட்டவனின் கதை. ஆசிரியரின் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரிக்கிறார், அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பிறகு சாட்சிக் கூண்டு. அறக்கட்டளைப் பணத்தை ரொக்கமாக எடுத்தேன், ஆமாம் என்கிறார். மறுப்பார் என்று எதிர்பார்த்த எதிர்த்தரப்பு திகைத்துப்போகிறது. என் தொகுதியில் எல்லாமே ரொக்கம்தான் என்று, தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரியைப் பார்த்துச் சொல்கிறார். வாடகை கட்ட முடியாதவள், மருந்து வாங்க முடியாதவன், இறந்தவனை அடக்கம் செய்யக் காசில்லாத குடும்பம், எல்லோரும் தெருவில் என்னை மறிக்கிறார்கள். அவர்களிடம் நான் ரசீது கேட்கவா என்கிறார். தெருவின் ஒரு முனையில் பை நிறைய இருந்த பணம் மறுமுனைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும் என்கிறார். ஜூரி விடுதலை செய்கிறது. வெளியே கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

அந்த ஜூரியை ஏமாளிகள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொடர் ஓடிய காலத்தில் பால்டிமோரின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். எந்தத் தெருவில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்ட நகரம் அது, ஆண்டு 1910. அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் 1917ஆம் ஆண்டுத் தீர்ப்போடு செத்துப்போனாலும், 1930களில் கடன் கொடுக்கத் தகாத பகுதிகள் என்று வரைபடத்தில் சிவப்பு மை பூசப்பட்ட இடங்கள் பெரும்பாலும் அதே மக்களின் தெருக்கள்தான். ஐந்தாம் பருவம் ஒளிபரப்பான அதே 2008 ஜனவரியில், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் மோசமான வீட்டுக் கடன்களைத் தள்ளிவிட்டதாக வெல்ஸ் ஃபார்கோ வங்கிமீது பால்டிமோர் மாநகராட்சி வழக்குத் தொடுத்தது. 2012இல் சமரசம் ஆனது. வங்கியின் முகத்தையே விரோதியாகப் பார்த்துப் பழகிய தெருவில் "என் உலகம் ரொக்க உலகம்" என்று ஒருவர் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. டேவிஸ் அந்த உண்மைப் பாதியைத்தான் திருடுகிறார். அறக்கட்டளையிலிருந்து திருடியதைவிட எனக்கு அதுதான் பெரிய திருட்டாகப் படுகிறது. அடுத்து நேர்மையான ஒருவர் வந்து அதே வறுமையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி நிஜ மனிதர்கள். அந்த நீதிமன்றக் காட்சியில் டேவிஸுக்காக வாதாடும் வழக்கறிஞர் பில்லி மர்ஃபி நடிகர் இல்லை. பால்டிமோரின் புகழ்பெற்ற வழக்கறிஞர் வில்லியம் மர்ஃபி ஜூனியரே தானாக வந்து நடித்தார். 2015இல் போலீஸ் காவலில் காயமடைந்து இறந்த இளைஞர் ஃப்ரெடி கிரேயின் குடும்பத்துக்கு, நகரத்திடமிருந்து 64 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றுத் தந்தவரும் அவரே.

இன்னொரு நடிப்பு இதைவிட வியப்பானது. தொடரில் கொலை விசாரணைப் பிரிவில் எட் நோரிஸ் என்ற துப்பறிவாளர் அவ்வப்போது வருவார். நடித்தவர் பெயரும் எட் நோரிஸ். 2000 முதல் 2002 வரை அந்த நகரத்தின் நிஜக் காவல் ஆணையர். பிறகு மேரிலாண்ட் மாநிலப் போலீசின் தலைவரானார். ஆணையராக இருந்தபோது காவல்துறையின் நிதி ஒன்றைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிற்பாடு அதே நகரத்தில் வானொலியில் பேசினார். பதவி இழந்த அதிகாரி ஒருவர் நேர்மையான துப்பறிவாளராக நடித்துக்கொண்டிருக்க, பக்கத்துக் காட்சியில் ஒரு நடிகர் ஊழல் செனட்டராக நடித்துக்கொண்டிருந்தார். அந்த நகரத்தில் திரைக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த சுவர் அவ்வளவு மெல்லியது.

டேவிஸைப் பார்த்ததும் பால்டிமோர்க்காரர்கள் பலருக்கு நினைவு வரும் பெயர் லாரி யங். மேற்கு பால்டிமோரின் மாநில செனட்டர். பதவியைப் பயன்படுத்திப் பலனடைந்தார் என்ற புகாரில் 1998 ஜனவரியில் மேரிலாண்ட் செனட் அவரை அவையிலிருந்தே நீக்கியது. ஆனால் அடுத்த ஆண்டு நடந்த குற்ற வழக்கில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவரும் வானொலிக்குப் போய் மக்களின் அன்பைப் பெற்றார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் கதையின் வில்லனோடு ஒன்றாக்குவது நியாயமில்லை. அந்த வழக்கிலிருந்து கதைக்குள் வந்து சேர்ந்ததுபோல் எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: அவை ஒருவனைத் துரத்தலாம், தொகுதி அவனைத் துரத்தவேண்டியதில்லை.

தொடர் முடிந்த பிறகு நடந்தவற்றைக் கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று தயாரிப்பாளர் திருப்பிக் கொடுத்திருப்பார். ஷீலா டிக்சன், நகரத்தின் முதல் பெண் மேயர். ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகக் கட்டட அதிபர்கள் தந்த பரிசு அட்டைகளைத் தானே கடைகளில் செலவழித்தார் என்று 2009 டிசம்பரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தொகை ஏறக்குறைய 500 டாலர். மேயரின் வீழ்ச்சி அவ்வளவு சின்னத் தொகையில் நடந்தது. 2010 பிப்ரவரியில் பதவி விலகினார், உடன்பாட்டின்படி ஓய்வூதியத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2016இல் மறுபடியும் மேயர் தேர்தலில் நின்றார். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தலில் சில ஆயிரம் வாக்குகளில்தான் தோற்றார். 2020இலும் நின்றார், 2024இலும் நின்றார். ஒவ்வொரு முறையும் பல்லாயிரம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அவர் காலத்தில் நகரத்தில் கொலைகள் குறைந்தன என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் பொய்யும் இல்லை.

2016இல் அவரைத் தோற்கடித்தவர் கேத்தரின் பியூ. நேர்மையின் பெயரால் வந்தவர். செனட்டராக இருந்தபோது, 'ஹெல்தி ஹாலி' என்று குழந்தைகளுக்கான ஆரோக்கியப் புத்தகங்களைத் தானே எழுதி வெளியிட்டார். மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் இயக்குநர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அந்த அமைப்பு அவருடைய புத்தகங்களில் ஒரு லட்சம் பிரதிகளை 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று வாங்கியதில் ஆயிரக்கணக்கான பிரதிகள் பள்ளித்துறைக் கிடங்கில் பிரிக்கப்படாமல் கிடந்தன. அச்சடிக்காமலே விற்றவையும், ஒரே பிரதியை இரண்டு பேருக்கு விற்றவையும் உண்டு. 2019 மார்ச்சில் 'பால்டிமோர் சன்' இதை வெளியிட்டது. மே மாதம் அவர் பதவி விலகினார். 2020 பிப்ரவரியில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை. ஒரு நொடி அந்தக் கிடங்கைக் கற்பனை செய்து பாருங்கள். பழங்களும் காய்கறிகளும் தின்னுங்கள் என்று ஒரு சிறுமி சிரிக்கும் அட்டைப்படங்கள், பெட்டி பெட்டியாக, தூசியில். வில்லனின் இருட்டு அறையைக் காட்ட நினைக்கும் இயக்குநர் அந்தக் கிடங்கை ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

நான் அதிகம் யோசித்த நிஜ வழக்கு இனிதான் வருகிறது. மேரிலின் மோஸ்பி 2015 முதல் எட்டு ஆண்டுகள் பால்டிமோரின் அரசு வழக்கறிஞர். தொடரில் ரூபர்ட் பாண்ட் வகிக்கும் அதே பதவி. ஃப்ளோரிடாவில் வீடு வாங்க அவர் கடன் விண்ணப்பித்தபோது, கணவர் தனக்கு 5,000 டாலர் அன்பளிப்பாகத் தருகிறார் என்று ஒரு கடிதம் வைத்திருந்தார். அந்த 5,000 டாலரை முதலில் கணவருக்கு அனுப்பியதே அவர்தான் என்று மத்திய அரசுத் தரப்பு சொன்னது. 2024 பிப்ரவரியில் ஜூரி அந்தக் குற்றச்சாட்டில் அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில், வழக்கு எந்த ஊரில் நடந்திருக்க வேண்டும் என்ற சட்டக் கேள்வியில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஓய்வூதியச் சேமிப்பை எடுக்கும்போது கொரோனாவால் பண நெருக்கடி என்று பொய் சொன்னார் என்ற வேறு தீர்ப்பு மட்டும் நின்றது. கதையில் மாமியார், நிஜத்தில் கணவர். கதையில் அரசு வழக்கறிஞர் கீழே வைத்துவிட்ட அந்தச் சீட்டு, நிஜத்தில் அரசு வழக்கறிஞர்மீதே திரும்பியது. 2008இல் திரையில் ஃப்ரீமன் நீட்டிய கடன் விண்ணப்பத்தை நினைத்துக்கொண்டு நாளிதழில் இதைப் படித்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

தொடரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் பருவம் அவசரமாக எழுதப்பட்டது. பத்துப் பகுதிகள்தான், அதிலும் பாதி இடத்தை நாளிதழ் அலுவலகக் கதை எடுத்துக்கொண்டது. ரூபர்ட் பாண்டுக்குப் பேராசை தவிர வேறு குணம் எழுதவில்லை. டேவிஸின் வீட்டையோ குடும்பத்தையோ நாம் பார்ப்பதே இல்லை. தன் தொகுதியில் ஒரு கிழவிக்கு அவர் உண்மையிலேயே உதவிய ஒரு காட்சி இருந்திருந்தால் அந்த ஆரவாரக் கூட்டம் இன்னும் உயிரோடு இருந்திருக்கும். காவல் ஆணையர் பரல் பாத்திரத்தில் அந்தக் குறை இல்லை. குற்றப் புள்ளிவிவரங்களைத் திருத்திக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர். அவர் வெளியேறும் பகுதியில் வசனம் குறைவு, சலுகை நிறைய. வாயைத் திறக்காமல் போனால் வேறு ஊரில் நல்ல சம்பளத்தில் வேலை என்று பேசி முடிக்கிறார்கள். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் போகிறார். அவமானப்பட்ட அதிகாரி எப்படி வெளியே போவார் என்பதற்கு அதைவிட உண்மையான காட்சி எனக்குத் தெரியாது.

விடுதலையான மறுபகுதியில் ஃப்ரீமன் ஒரு மதுக்கடையில் டேவிஸின் பக்கத்து இருக்கையில் போய் உட்காருகிறார். பாண்ட் கீழே வைத்த அந்தக் கடன் தாளை அவர் முன்னால் வைக்கிறார். டேவிஸ் முதலில் சிரிக்கிறார். ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஃப்ரீமன் சட்டப் பிரிவையும் 30 ஆண்டு என்பதையும் நிதானமாக எடுத்துச் சொல்லச் சொல்ல, அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஊர் முழுக்கத் திரண்டு காப்பாற்றிய மனிதருக்கு ஒரு தாளைக் கண்டு பயம் வருகிறது. உடனே வாய் திறக்கிறது. நீதிமன்றத்தின் ரகசிய ஆவணங்கள் வழக்கறிஞர்களுக்கு விலைக்குப் போகின்றன என்று கொட்டிவிடுகிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் விற்பார், அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது அவரிடம் முதல் பருவத்திலிருந்தே மாறாத குணம்.

பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் டேவிஸ் வரும் துண்டுகளை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். முதல் பருவத்தை முழுதாகப் பாருங்கள். பிறகு மூன்றாம் பருவம், அதன் பின் ஐந்து. போகும் வழியில் டேமியன் பிரைஸ் என்ற ஓட்டுநரை மறக்காமல் கவனித்துக்கொண்டே வாருங்கள். முதல் பருவத்தில் அந்த 20,000 டாலரோடு மறிக்கப்பட்டவர் அவர்தான். ஐந்தாம் பருவத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். காகிதத்தில் அவர் ஒரு அறக்கட்டளையின் நிர்வாக இயக்குநர், செய்த வேலை கார் ஓட்டியது. சம்பளக் காசோலை அவர் பெயரில் வரும், பணம் செனட்டரிடம் போகும். அவர் பேசும்போது டேவிஸ் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.